திங்கட்கிழமைப் பத்திரிகைக்கு முன்

கார்த்திகேசுவுக்குக் கால்பந்தில் பற்று வந்தது ஓர் எழுத்துப் பிழையால்.

1922-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் நடந்தது அது. யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்து அவருக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜார்ஜ் டவுன் கடற்கரைத் தெருவில் ஒரு தந்திக் கம்பெனியில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. கடலுக்கடியில் கிடக்கும் கம்பி வழியாக லண்டன் செய்தி வரும். இயந்திரம் காகித நாடாவில் மைக்கோட்டை நெளிநெளியாகப் போட்டுக்கொண்டே போகும். அதை வாசித்து ஆங்கிலத்தில் எழுதிப் பத்திரிகைக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று இங்கிலாந்தின் பெரிய கோப்பைப் போட்டியின் முடிவு வந்தது. வென்ற குழுவின் பெயரில் இரண்டு எழுத்தை மாற்றி எழுதிவிட்டார். அது அப்படியே அச்சாகி வெள்ளைக்காரர்களின் கிளப்பில் சிரிப்பாகிவிட்டது. துரை அவரைக் கூப்பிட்டு, அந்தப் பெயரை ஐம்பது தடவை எழுதச் சொன்னார். முப்பது வயது மனிதர், கலியாணம் ஆனவர், பள்ளிக்கூடப் பிள்ளை போல உட்கார்ந்து எழுதினார். ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன்.

ஐம்பது தடவை எழுதிய பிறகு அது எந்த ஊர் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. காரியாலயத்து நிலப்படத்தில் தேடினார். வடக்கே, கம்பளி நெய்யும் ஆலைகள் நிறைந்த ஊர். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டியபோது இன்னும் கொஞ்சம் தெரிந்தது. 1908-இல் தொடங்கிய குழு அது. பதினோரு வருடத்தில் நொடித்துப்போய், பக்கத்திலுள்ள லீட்ஸ் நகரத்துக்கே குழுவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகப் பேச்சு நடந்தது. ஊர்ச்சனங்கள் விடவில்லை. தங்களால் முடிந்ததைப் போட்டு, எங்கள் குழு எங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் அதே குழு கோப்பையை வென்றது. பிரெஸ்டன் குழுவுக்கு எதிராக ஒரே ஒரு பெனால்டி கோல்.

சொந்த ஊரை விட்டுக் கப்பலேறி வந்த கார்த்திகேசுவுக்கு அந்தக் கதை நெஞ்சில் தைத்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, டவுன் குழுவின் சரித்திரத்தைத் தமிழில் எழுதத் தொடங்கினார். மனைவி அருந்ததிக்கு இது விளங்கவில்லை. காணாத ஊர், அறியாத மனிதர், உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

உறவு விளங்கிய ஒரே ஆள் சிக்கந்தர். சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவன். கடை போடுமுன் எட்டு வருடம் கப்பலில் சமையலாளாக இருந்தவன். லிவர்பூலில் கப்பல் நின்றபோது, எவர்ட்டன் மைதானத்தில் டவுன் ஆடியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். பனிமூட்டத்துக்குள் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டைகள் ஓடியதை அவன் சொன்ன விதத்தில் கார்த்திகேசு தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டார். அன்றிலிருந்து பழக்கம். சிக்கந்தருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து எடுத்துத் தமிழில் நோட்டில் எழுதியதைக் கார்த்திகேசு வாசிக்க, அவன் கல்லாவில் சாய்ந்துகொண்டு கேட்பான்.

சனிக்கிழமை இரவு முறை கார்த்திகேசுவுடையது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம் முடியும்போது பினாங்கில் பாதி இரவு. விடிவதற்குள் எல்லா முடிவும் கம்பியில் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை கிடையாது. அதனால் திங்கட்கிழமை வரைக்கும் அந்த முடிவுகள் காரியாலயத்துக்குள் இருக்கும் சில பேருக்கு மட்டுமே தெரியும். அவர்கள் எல்லோரும் வேலையில் சேரும்போது சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். கம்பியில் வந்த சொல்லைக் கட்டின மனைவிக்கும் சொல்லக் கூடாது.

கார்த்திகேசு அந்தச் சத்தியத்தை 1924 மே மாதம் வரை காப்பாற்றினார். அந்த வருடக் கடைசி ஆட்டங்களில், வருடம் முழுதும் ஆடும் லீக் போட்டியின் பட்டத்துக்கு டவுனும் கார்டிஃப் குழுவும் போட்டி. டவுன் மூன்று கோல் போட்டு வென்றது. கார்டிஃப் ஒரு பெனால்டியைத் தவறவிட்டுச் சமநிலையில் முடித்தது. புள்ளிகள் இரண்டு பேருக்கும் சமம். போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்த்ததில், ஒரு மயிரிழையில் டவுனுக்குப் பட்டம். நாடாவைப் பார்த்து மூன்று முறை வகுத்துச் சரிபார்த்தார் கார்த்திகேசு. காலையில் கடைக்கு வந்து, தேத்தண்ணிக்குச் சீனியை இரண்டு முறை போட்டார். சிக்கந்தர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லாமல் இருந்திருப்பார். அவன் கேட்காததால் சொன்னார்.

சிக்கந்தர் அவரைக் கட்டிப்பிடித்தான். பிறகு, காரணம் சொல்லாமல் கடையில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பலகாரம் கொடுத்தான். வாப்பா கனவில் வந்தார் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தான். திங்கட்கிழமை வரை ஒரு வார்த்தை வெளியே போகவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் அது வழக்கமாகிவிட்டது. டவுனின் முடிவு மட்டும், அதுவும் சிக்கந்தருக்கு மட்டும். அடுத்த வருடமும் டவுனுக்கே பட்டம். அதற்கடுத்த வருடமும். தொடர்ந்து மூன்று முறை லீக் பட்டம் வென்ற முதல் குழு என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார் கார்த்திகேசு. சொல்லிவிட்டு இறங்குதுறைக்குப் போவார். படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பாகான் டாலாமில் இருக்கும் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மாலையில்தான் எழுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூலியா தெரு எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

1928 ஏப்ரலில் டவுன் மறுபடியும் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அரையிறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை மூன்று தடவை மோதித்தான் வெல்ல முடிந்தது. லீக் பட்டத்துக்கும் அருகில் நின்றார்கள். ஒரே வருடத்தில் இரண்டும் கிடைக்கும் என்று கார்த்திகேசு நம்பினார். ஆனால் கம்பியில் வந்த செய்தி வேறு. பிளாக்பர்ன் மூன்று, ஹடர்ஸ்ஃபீல்ட் ஒன்று. முதல் நிமிடத்திலேயே பந்து டவுனின் வலைக்குள் போய்விட்டது.

காலையில் கடைக்குப் போய் அதைச் சொன்னார் கார்த்திகேசு. சிக்கந்தர் அவர் தோளில் கை வைத்தான். முதல் கோல் எப்போ, யார் பக்கத்திலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஆறுதலுக்குக் கேட்கிறான் என்று அவர் எல்லாம் சொன்னார்.

அன்று படகேற மனம் வரவில்லை. கோட்டைக்குப் பக்கத்துப் பாடாங் மைதானத்தில் மர நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானம்தான் நோட்டைக் கடையிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. எடுக்கத் திரும்பிப் போனார்.

கடை வாசலில் கூட்டம். உள்ளே நிற்க இடமில்லை. வெளியே இரண்டு ரிக்‌ஷாக்கள் நின்றன. அன்றைய கறிவகைகளை எழுதும் கரும்பலகையில் கறி எதுவும் இல்லை. பெரிய எழுத்தில் பிளாக்பர்ன் 3, டவுன் 1 என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. கார்த்திகேசு பக்கத்தில் நின்றவரிடம் இது என்ன என்று கேட்டார்.

அந்த மனிதர் ஆச்சரியமாகப் பார்த்தார். ஊருக்குப் புதுசா என்றார். சிக்கந்தர் பாய் அக்டோபரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் டவுன் ஆட்டத்தின் முடிவைக் கணித்து எழுதுகிறார், மறுநாள் பத்திரிகையில் அப்படியே வரும், ஒருநாளும் தப்பியதில்லை என்றார். அந்தக் கணிப்பை நம்பிப் பந்தயம் கட்டுகிறவர்கள் பாதிப் பேர், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர். இன்றைக்கு எல்லோரும் டவுன் ஜெயிக்கும் என்று இருக்கிறார்கள், பாய் மட்டும் தோற்கும் என்கிறார், பாருங்கள் நாளைக்கு என்றார்.

சிக்கந்தர் ஒரு முக்காலி மேல் நின்று பேசிக்கொண்டிருந்தான். முதல் நிமிஷத்திலேயே ஒரு கோல் விழும் என்று சொல்லி, டவுனின் கோல்காப்பாளர் விழுவது போல நடித்துக் காட்டினான். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு திரும்பியவன் வாசலில் கார்த்திகேசுவைப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பி மிச்சத்தைப் பேசி முடித்தான்.

கடைக்குப் பின்னால், சட்டிகள் கழுவும் இடத்தில் இருவரும் நின்று பேசினார்கள்.

“ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னேன் கிராணியாரே,” என்றான் சிக்கந்தர். “டவுன் தோத்துடும்னு ஒருத்தன் அடிச்சுப் பேசினான். நமக்குத்தான் தெரியுமே, ஜெயிக்கும்னு சொல்லிட்டேன். மறுநாள் பேப்பர்ல வந்துச்சு. அடுத்த வாரம் பத்துப் பேர் வந்து நின்னாங்க. உங்க பேரை ஒரு எடத்துலயும் சொல்லலை.”

“என்ர பேரை நீர் சொல்லேல்லை. அதாலைதான் உமக்குப் பேர் வந்தது.”

சிக்கந்தர் தலையைக் குனிந்துகொண்டான். “முன்னாடி நான் தேத்தண்ணி ஊத்துறவன். இப்போ சீனத் தௌக்கேமாருங்க, பெரிய பெரிய முதலாளிங்க, வந்து எறங்கி, இந்த வாரம் எப்படி சிக்கந்தர்னு கேக்குறாங்க. என் வாழ்க்கையில யாரும் என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லை லா.”

அதைக் கேட்டபோது கார்த்திகேசுவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வெறுமைதான் வந்தது. ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் இவன் தன்னை ஆவலோடு எதிர்பார்த்து நின்றது எதற்காக என்று இப்போது தெரிந்தது. லிவர்பூலில் அந்த ஆட்டத்தைப் பார்த்தது மெய்தானா என்று கேட்டார். அல்லா மேல் ஆணையாகப் பார்த்தேன் என்றான் சிக்கந்தர். மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பலகையை அழிக்கச் சொன்னார். இப்போது அழித்தால் சந்தேகம் வரும், அடுத்த வாரத்திலிருந்து விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினான். கார்த்திகேசு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பத்திரிகையில், முதல் நிமிடக் கோல் உட்பட எல்லாம் அப்படியே வந்தது. இந்த முறை அது அளவுக்கு மீறிய கணிப்பு. பந்தயத்தில் தோற்ற யாரோ துரைக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். உங்கள் காரியாலயத்துச் செய்தி சூலியா தெருவுக்குப் போகிறது என்று எழுதியிருந்தது.

சனிக்கிழமை இரவில் நாடா வாசிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் கார்த்திகேசு. மற்றவர் கதிர்காமநாதன், வேலையில் சேர்ந்து இரண்டு வருடமான கிராணி. பிள்ளைப்பேற்றுக்காக மனைவியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியிருந்தார். துரை முதலில் அவரைத்தான் விசாரித்தார். சிக்கந்தர் கடைப் பக்கமே போனதில்லை என்று கதிர்காமநாதன் சாதித்தார். ஆனால் காரியாலயத்துப் பியூன் அவரை அங்கே பலமுறை பார்த்திருந்தான். உண்மை என்னவென்றால், சைவக் குடும்பத்துப் பிள்ளையான அவர் அங்கே போய் இரகசியமாக ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று பயந்து சொன்ன பொய், அவர் தலையிலேயே விழுந்தது.

புதன்கிழமை சிக்கந்தரை வரவழைத்தார்கள். அவனுக்கு ஆங்கிலம் போதாது. மொழிபெயர்க்க, மூத்தவர் என்று கார்த்திகேசுவையே துரை உட்காரவைத்தார். கப்பல் நாட்களிலிருந்து வைத்திருந்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சிக்கந்தர் வந்து நின்றான். செய்தி யார் சொன்னது என்று துரை கேட்டார். கார்த்திகேசு தமிழில் கேட்டார்.

சிக்கந்தர் அவர் கண்ணைப் பார்த்தான். “சின்னக் கிராணி,” என்றான். “கதிர்காமநாதன்.”

என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். கம்பியில் வந்த சொல்லை மாற்றாமல் எழுதிப் பழகிய மனிதர், கேட்ட சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. துரை எழுதிக்கொண்டார். மாலைக்குள் கதிர்காமநாதனுக்கு வேலை போய்விட்டது.

வாசலில் சிக்கந்தர் காத்திருந்தான். பயப்படாதீர்கள், உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னான். நல்லது செய்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. கார்த்திகேசு அவனைத் தாண்டி இறங்குதுறைக்கு நடந்தார்.

வீட்டில் அருந்ததியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் அழுதாள். வேலை போனால் எங்கே போவது, நாலு வருடமாக அந்த மனிதனுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லவில்லையே என்று கேட்டாள். அது அவளுக்குப் பெரிய காயமாக இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அந்தப் பிள்ளைத்தாய்ச்சி ஊரிலை மனுசன் அனுப்பிற காசைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். நீங்கள் நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ.”

மறுநாள் காலை துரையின் மேசை முன் நின்று, செய்தியைச் சொன்னது நான்தான் என்றார் கார்த்திகேசு. துரை நம்பவில்லை. எந்த வருடத்திலிருந்து என்று கேட்டார். சொன்னார். எதற்காக, எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை, அந்தக் குழுமேல் பிரியம் என்றார். துரை அவரைப் பார்த்த பார்வையில் கோபத்தை விட அருவருப்பு அதிகமாக இருந்தது. எட்டு வருட வேலை அந்த மேசையிலேயே முடிந்தது. நற்சான்றுக் கடிதம் தரமுடியாது என்றும் சொல்லிவிட்டார்.

கதிர்காமநாதனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கார்த்திகேசு அவர் தங்கியிருந்த அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் பெட்டியில் கட்டியிருந்த உடுப்புகளைத் திரும்ப வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

“அவன் என்ர பேரைச் சொன்னதை விடுங்கோ அண்ணை,” என்றார் கதிர்காமநாதன். “அவன் எனக்கு ஆர்? நீங்கள் பக்கத்திலை இருந்து அதை இங்கிலீசிலை சொன்னியள். ஒரு இரவு முழுக்கப் பேசாமல் இருந்தியள்.”

கார்த்திகேசு கைகூப்பி நின்றார். பிறகு படியிறங்கினார். அதற்குப் பிறகு கதிர்காமநாதன் அவரோடு பேசவே இல்லை.

இரண்டு மாதம் வேலையில்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறை ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் மூட்டை கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே அவரைக் கிராணியார் என்று கூப்பிட்டார்கள், ஆனால் வேலை முழுதும் வெயிலில். டவுன் அந்த வருடம் கோப்பையும் இழந்து, லீக்கிலும் எவர்ட்டனுக்கு அடுத்ததாக இரண்டாவதாக முடித்தது. அதை அவர் மற்ற எல்லோரையும் போலப் பத்திரிகையில் வாசித்தார்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிக்கந்தர் படகேறிப் பாகான் டாலாமுக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். வாசலில் நின்றவனை அருந்ததி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். கார்த்திகேசு எதிரில் உட்கார்ந்தார்.

சிக்கந்தர் இளைத்திருந்தான். நடந்தது தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்றும், முக்காலி மேல் ஏறி நின்றதைச் சொல்லிப் பையன்கள் கேலி பண்ணுகிறார்கள் என்றும் சொன்னான். தௌக்கேமார் யாரும் வருவதில்லை. பந்தயத்தில் தோற்றவன் ஒருவன் கரும்பலகையை உடைத்துவிட்டுப் போனான். மனைவி ருக்கையா மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை, போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அவள்தான் அனுப்பினாளாம். கார்த்திகேசு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“நாளைக்கு ஆட்டம் தொடங்குது,” என்றான் சிக்கந்தர். “திங்கக்கிழமை பேப்பர் வந்ததும் கடைக்கு வாங்க. சேர்ந்து பார்ப்போம். முந்தி சொல்ல வேணாம், ஒண்ணும் வேணாம். யாரும் வாசிச்சுக் காட்ட ஆளில்லை கிராணியாரே.”

“நீங்கள் வேறை ஆரையும் வாசிக்கச் சொல்லுங்கோ,” என்றார் கார்த்திகேசு.

அத்தனை வருடமும் உரிமையோடு ‘நீர்’ என்று சொல்லிவந்தவர் அன்றைக்குத்தான் அவனை ‘நீங்கள்’ என்றார். சிக்கந்தருக்கு அது விளங்கியது. கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு எழுந்தான். அருந்ததியிடம் சொல்லிக்கொண்டான். படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இருந்து போங்கள் என்று அவள் சொன்னதற்கு, பரவாயில்லை அக்கா, துறையில் போய் நிற்கிறேன் என்றான்.

கார்த்திகேசு வாசல் வரை போனார். வண்டித் தடத்தில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் தாண்டித் தாண்டிச் சிக்கந்தர் நடந்து போவது தெரிந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கார்த்திகேசு கையை உயர்த்தவில்லை, உள்ளேயும் போகவில்லை. திருப்பத்தில் அவன் மறையும் வரை நின்றார். பிறகு உள்ளே வந்து, மறுநாள் காலை வேலைக்குப் போட வேண்டிய காற்சட்டையை எடுத்து மடித்து வைத்தார். பேரீச்சம்பழத்தை என்ன செய்வது என்று அருந்ததி கேட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடு என்றார்.